போர்வைக்குள் ஊதிய எக்காளம்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குப் பேருந்தில் சென்றவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். சமவெளியின் நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் பின்னால் நின்றுவிட, சாலை ஜவ்வாது மலையின் மடியில் ஏறத் தொடங்கியதும் கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. வளைவுக்குச் சற்று முன்னதாகவே சிவப்பு விளிம்பிட்ட முக்கோணப் பலகை ஒன்று நிற்கும். சிறுவனாக இருந்தபோது, என்னோடு வந்த பெரியப்பாவிடம் கேட்டேன்: "வளைவு அங்க இருக்கு. பலகைய ஏன் பெரியப்பா இங்க வெச்சிருக்காங்க?"

பெரியப்பா சிரித்தார். "வளைவுலயே வெச்சா, டிரைவர் அதப் படிச்சு முடிக்கறப்ப பஸ்ஸு பள்ளத்துல கிடக்கும்டா."

அந்தப் பதில் எனக்கு முழுமையாக விளங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஓர் இளைஞனின் வேலையும், ஒரு மூதாட்டியின் பால் பணத்தில் ஒரு பகுதியும் பறிபோன பிறகே விளங்கிற்று. அதற்குக் காரணமானவன் நான். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன் என் தொழிலைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். மென்பொருளில் 'செயற்கூறு' என்று ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து முடிக்கும் கட்டளைகளை ஒன்றாகக் கட்டி, அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவோம். பிறகு யாரேனும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அழைப்பவர் அறிய வேண்டியதில்லை. கிணற்று மோட்டாரின் பொத்தானை அழுத்துகிறவர் மோட்டாரின் உள்ளமைப்பை அறிந்திருக்க வேண்டுமா என்ன? ஆனால் கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது அழுத்தினால் மோட்டார் எரிந்துபோகும் என்பதை அவர் அறிந்தே ஆக வேண்டும். அதை அறிவிப்பதற்காகவே ஒவ்வொரு செயற்கூறுக்கும் ஒரு விளக்கப் பக்கம் எழுதி வைக்கிறோம். மேலே பெயர் இருக்கும், அதன்கீழ் அது செய்யும் வேலை, எதைக் கொடுக்க வேண்டும், எது திரும்பக் கிடைக்கும் என்ற விவரம், ஓர் எடுத்துக்காட்டு, கடைசியில் 'குறிப்புகள்'. எங்கள் தொழிலில் பெரும்பாலான பக்கங்களின் அமைப்பு ஏறத்தாழ இதுவே.

பல ஆண்டுகளுக்கு முன், சிறு சங்கங்களின் கணக்கு வழக்குகளுக்கென்று சில செயற்கூறுகளை எழுதிக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்றன் பெயர் 'ஆண்டு முடிப்பு'. மார்ச் 31ஆம் தேதியோடு முடியும் ஆண்டின் அன்றாடப் பதிவுகளை எல்லாம் அது கூட்டும். ஒவ்வோர் உறுப்பினருக்கும் சேர வேண்டிய இருப்பைப் புதிய ஆண்டின் தொடக்க இருப்பாக எழுதும். பிறகு பழைய பதிவுகளை அழித்துவிடும். அந்நாளில் கணினியில் இடம் குறைவு. ஆகவே அழித்தல் தேவையாக இருந்தது. இதில் ஓர் ஆபத்து இருந்தது. இரண்டாம் முறை இயக்கினால், கூட்டுவதற்குப் பதிவுகள் இல்லாமையால் கூட்டுத்தொகை சுழி என்று வரும். அந்தச் சுழியே எல்லாருடைய தொடக்க இருப்பாகவும் எழுதப்பட்டுவிடும்.

இதை நான் அறியாதவன் அல்லன், மறைத்தவனும் அல்லன். எழுதியே இருந்தேன். பக்கத்தின் அடியில், குறிப்புகள் என்ற தலைப்பின்கீழ், ஆறு குறிப்புகளில் நான்காவதாக, இயக்குமுன் காப்பு நகல் எடுக்க வேண்டும் என்றும், ஓராண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இயக்கலாகாது என்றும் தெளிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். மூன்றாவது குறிப்பு அச்சுத்தாளின் அகலத்தைப் பற்றியது. ஐந்தாவது குறிப்பு தேதியை எழுதும் முறையைப் பற்றியது. அவற்றிற்கிடையில், அதே எழுத்தில், அதே அளவில், என் எச்சரிக்கை ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

போளூருக்கு அருகே ஒரு சிற்றூர்ப் பால் சங்கத்திற்காக ஓர் இளைஞன் என் செயற்கூறுகளைக் கொண்டு கணினித் திரைகளை அமைத்துக்கொண்டிருந்தான். தமிழ் வழியில் படித்தவன், கெட்டிக்காரன். 'ஆண்டு முடிப்பு' என்ற பெயரைக் கண்டான். எடுத்துக்காட்டாக நான் கொடுத்திருந்த ஒற்றை வரியைப் பார்த்தான். அதை அப்படியே எடுத்துத் தன் திரையில் பொருத்திக்கொண்டான். நல்ல வேலைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ஏப்ரல் மாதத்தின் முதல் வாரத்தில் சங்கத்தில் பொத்தான் அழுத்தப்பட்டது. வேலை நடந்துகொண்டிருக்கையிலேயே மின்சாரம் நின்றது. அரைமணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும், வேலை முடிந்ததற்கான செய்தி திரையில் இல்லாததைக் கண்டு, அவன் மீண்டும் ஒருமுறை இயக்கினான். உறுப்பினர் அனைவரின் இருப்பும் சுழியாயிற்று. மார்ச் மாதத்தின் கடைசி இரு வாரங்களுக்கான பால் பணம் அப்போது இன்னும் பட்டுவாடா ஆகியிருக்கவில்லை.

நல்லவேளையாக, உறுப்பினர்களின் கையில் பால் அட்டைகள் இருந்தன. காலையும் மாலையும் எத்தனை லிட்டர் என்று குறித்த அட்டைகள். அவற்றை எல்லாம் வாங்கி, இரண்டு இரவுகள் விழித்திருந்து கணக்கை மறுபடியும் ஏற்றினோம். ஒரே ஒரு மூதாட்டியிடம் மட்டும் அட்டை இல்லை. ஓலைக் கூரையில் செருகி வைத்திருந்த அட்டை கோடை மழையில் நனைந்து கூழாகியிருந்தது. அண்டை வீட்டாரின் வாய்மொழியை வைத்து ஒரு தொகை முடிவாயிற்று. தமக்குச் சேர வேண்டியது அதைவிடக் கூடுதல் என்று அவர் சொன்னார்; ஆனால் வற்புறுத்தவில்லை. என்னைப் பார்த்து, "ஊட்டுல இருந்தது மழையில போச்சு. மிஷினுல இருந்தது எதுல போச்சு சாமி?" என்று மட்டும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

விசாரணை என்று ஒரு கூட்டம் நடந்தது. அதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் அச்சிட்ட விளக்கப் பக்கத்தை எடுத்துச் சென்று மேசைமேல் விரித்து, நான்காவது குறிப்பின்மேல் விரலை வைத்தேன். "இங்கே எழுதியிருக்கிறேன்" என்றேன். எல்லாரும் குனிந்து படித்தார்கள். பிறகு எல்லாருமாக நிமிர்ந்து அந்த இளைஞனைப் பார்த்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வாரமே அவனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

அன்று இரவு நான் நிம்மதியாகவே உறங்கினேன். அதை நினைக்கும்போதுதான் இன்று வெட்கமாக இருக்கிறது.

* * *

எசேக்கியேல் நூலின் 33ஆம் அதிகாரத்தில் வரும் காவலாளனை நாம் அறிவோம். பகைவரின் வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாதவன் மக்களின் இரத்தத்திற்குப் பொறுப்பாளி. ஊதியும் மக்கள் கேளாமற்போனால் அவன்மேல் பழியில்லை. இதை நினைத்துத்தான் நான் என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். நான் ஊதினேன் அல்லவா? எழுதினேன் அல்லவா?

சில மாதங்களுக்குப் பின் ஞாயிறு வாசகத்தில் அதே பகுதி வந்தபோது வேறொரு கேள்வி எழுந்தது. எக்காளம் என்னும் கருவியை எதற்காகத் தேர்ந்தார்கள்? உறங்குகிறவனின் காதிலும், உழுகிறவனின் காதிலும், சந்தையில் பேரம் பேசுகிறவனின் காதிலும் ஒருசேர விழ வேண்டும் என்பதற்காகத்தானே? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அதற்குள் எக்காளம் ஊதியவனைக் காவலாளன் என்று சொல்ல முடியுமா? நான் ஊதியது பிறர் கேட்பதற்காக அன்று. ஊதினேன் என்று பிற்பாடு சொல்லிக்கொள்வதற்காக. நான்காவது குறிப்பு அந்த இளைஞனைக் காக்க எழுதப்படவில்லை. என்னைக் காக்கவே எழுதப்பட்டிருந்தது. அந்த வேலையை அது செவ்வனே செய்தும் முடித்தது.

அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் துரத்தத் தொடங்கிற்று. ஓர் எச்சரிக்கையை எங்கே, எப்படி எழுதினால் அது படிப்பவரின் கண்ணில் படும்?

விடையின் ஒரு பகுதி சிறுவயதிலேயே என் கண்முன் இருந்திருக்கிறது. பீடச் சிறுவனாக இருந்த நாள்களில் திருப்பலிப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். அதில் குரு சொல்ல வேண்டிய மன்றாட்டுகள் கறுப்பு மையிலும், செய்ய வேண்டிய செயல்கள் சிவப்பு மையிலும் அச்சிடப்பட்டிருக்கும். இந்தச் சிவப்பு எழுத்துகளுக்கு 'ரூப்ரிக்' என்று பெயர். சிவப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நிறத்தைவிட நான் இப்போது வியப்பது அவை இருக்கும் இடத்தை. கைகளை விரிக்க வேண்டிய இடத்தில், அந்த மன்றாட்டுக்குச் சற்று முன்னால், கைகளை விரிக்கும்படி எழுதியிருக்கும். குரு செய்ய வேண்டியவற்றை எல்லாம் தொகுத்துப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொரு பகுதி எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. என் தந்தையார் ஆங்கிலம் அறியாதவர். ஆனால் வேர்க்கடலைக்கு அடிக்கும் மருந்தில் எதைப் பரணுக்கு ஏற்ற வேண்டும், எதைத் திண்ணையில் வைக்கலாம் என்பதை அறிந்திருந்தார். டப்பாவில் இருந்த சாய்சதுரமே அதை அவருக்குச் சொல்லிற்று. 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971இல் வகுக்கப்பட்ட விதிகள் அந்தச் சாய்சதுரத்தைக் கட்டாயமாக்கின. மிகக் கொடிய நஞ்சுக்கு அதன் கீழ்ப்பாதி சிவப்பு, அடுத்த நிலைக்கு மஞ்சள், அதற்கும் கீழே நீலம், கடைசியில் பச்சை. சிவப்புக்கு மேலே மண்டை ஓடும் எலும்பும் 'நஞ்சு' என்ற சொல்லும் இருக்கும். அந்தச் சதுரம் சீட்டின் முகப்பில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையலாகாது என்று அளவையும் விதியே சொல்லிவிட்டது. விற்பவர் தம் விருப்பம்போல் ஒரு மூலையில் பொடியெழுத்தில் எழுதித் தப்பித்துக்கொள்ள இயலாது. இடம், அளவு, நிறம், சொல் ஆகிய நான்கையும் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஏனெனில் எழுதுகிறவனின் விருப்பத்திற்கு விட்டால் அவன் என்ன செய்வான் என்பது சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

* * *

என் தொழிலின் வரலாற்றைப் புரட்டினேன். பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையை உருவாக்கிய கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பரில் அதற்கான முதல் கையேட்டை வெளியிட்டார்கள். அதன் பக்கங்களில் 'பிழைகள்' என்று ஒரு பகுதி இருந்தது. தாம் செய்த பொருளின் குறைகளைத் தாமே அறிக்கையிடும் பகுதி அது. எத்தனை வணிகர்களுக்கு அந்த நேர்மை உண்டு? எனினும் அந்தப் பகுதிக்கு வாய்த்த இடம் பக்கத்தின் அடிப்பகுதியே.

அந்த மரபில் வந்த சி மொழியில் 'கெட்ஸ்' என்றொரு செயற்கூறு இருந்தது. பயனர் தட்டும் ஒரு வரியை வாங்கி, நாம் ஒதுக்கித் தரும் இடத்தில் கொண்டுபோய் வைப்பது அதன் வேலை. அந்த இடம் எவ்வளவு பெரியது என்று அது கேட்பதே இல்லை. குடத்தின் கொள்ளளவு தெரியாமலே தண்ணீரைத் திறந்துவிடுவது போன்றது. வழியும் தண்ணீர் அண்டை நினைவகத்தை எல்லாம் நனைத்துவிடும். 1988 நவம்பர் 2ஆம் தேதி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் ஏவிவிட்ட நிரல் ஒன்று இணையம் முழுவதும் தானே பரவிற்று. அது நுழைந்த வழிகளில் ஒன்று, 512 எழுத்துகளுக்கு மட்டுமே இடம் ஒதுக்கிவிட்டுக் கெட்ஸை நம்பியிருந்த ஒரு சேவை நிரல். ஏறத்தாழ 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டன என்பது அன்றைய மதிப்பீடு. அதற்கு அடுத்த ஆண்டு, 1989இல், சி மொழிக்குத் தரநிலை ஏற்படுத்தியபோதும் கெட்ஸ் அதில் இடம்பெற்றது.

அதன்பின் அந்த எச்சரிக்கை எப்படி மேலேறிற்று என்பதைப் பார்க்கும்போது, மலைச்சாலையில் படிப்படியாக ஏறும் பேருந்தே நினைவுக்கு வருகிறது. லினக்ஸ் கையேட்டில் இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர் என்ற எச்சரிக்கை நெடுங்காலம் 'பிழைகள்' பகுதியில், பக்கத்தின் கீழ்ப்புறத்தில் கிடந்தது. அங்கிருந்து ஏறி, விளக்கத்தின் முதல் வாக்கியமாயிற்று. கையேட்டைத் திறவாதவர்களுக்கு என்ன செய்வது? நிரலைக் கட்டும் கருவியே, கெட்ஸைக் கண்டதும் இது ஆபத்தானது என்று திரையில் சொல்லத் தொடங்கிற்று. அதாவது, எச்சரிக்கை காகிதத்தை விட்டு இறங்கி, வேலை நடக்கும் களத்திற்கே வந்துவிட்டது. 2011ஆம் ஆண்டின் தரநிலையில் கெட்ஸே நீக்கப்பட்டது. வளைவுக்குப் பலகை வைத்துப் பார்த்துவிட்டு, இறுதியில் சாலையையே நேராக்கினார்கள்.

பயனர்களைக் குறைசொல்லி நாற்பது பக்கம் எழுதலாம். அவர்களின் இயல்பு மாறப்போவதில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஜான் கேரல் 1990இல் வெளியிட்ட 'நியூரம்பர்க் புனல்' என்ற நூலில், மக்கள் கையேட்டை முதலிலிருந்து வரிசையாகப் படிப்பதில்லை, வேலையில் இறங்கிவிட்டு இடறும்போதே புரட்டுகிறார்கள் என்பதைத் தம் ஆய்வுகளிலிருந்து விளக்கினார். அது சோம்பல் அன்று. வேலையைச் செய்து முடிக்கும் ஆவல். அபக்கூக்கு இறைவாக்கினருக்குக் கிடைத்த கட்டளையும் ஓடுகிறவரை மனத்தில் கொண்டே பலகையில் எழுதச் சொல்கிறது. நின்று நிதானித்துப் படிக்கிறவருக்காக மட்டும் எழுதுவது எழுதுகிறவனுக்கு எளிது. ஓடுகிறவருக்காக எழுதுவதே அவன் கடமை.

* * *

இவ்வளவையும் அறிந்துகொண்ட நான் உடனே நேர்வழிக்கு வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். இரண்டாவது தவறு ஒன்றையும் செய்தேன். குற்ற உணர்வு உந்த, என் விளக்கப் பக்கங்கள் அனைத்திலும் சிவப்புக் கட்டங்களை வாரி இறைத்தேன். தாளின் அகலம் தவறினாலும் எச்சரிக்கை. தேதியை மாற்றி எழுதினாலும் எச்சரிக்கை. ஒருநாள் உடன் பணியாற்றிய சகோதரி ஒருவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாமே சிவப்பா இருக்கு சார். இதுல நான் எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டார். நாள்காட்டியில் ஞாயிறும் திருநாளும் சிவப்பாக இருப்பதால்தான் நமக்கு அவை தெரிகின்றன. முந்நூற்று அறுபத்தைந்து நாள்களையும் சிவப்பில் அச்சிட்டால் கிறிஸ்து பிறப்பு விழாவும் சாதாரண நாளாகிவிடும்.

பைத்தான் என்ற கணினி மொழியின் ஆவணங்களை எழுதுவோருக்கான வழிகாட்டி இதை அறிந்தே பேசுகிறது. பக்கமெங்கும் சிவப்புக் கட்டங்களைச் சிதறவிடுவது மிகை என்றும், பாதுகாப்பு பற்றிய கவலைகளை ஒரு தனிப்பகுதியில் தொகுத்துத் தருமாறும் அது அறிவுறுத்துகிறது. அதே சமயம், தரவுகளைப் பொதிந்து வைக்கும் 'பிக்கிள்' என்ற தொகுதியின் பக்கத்தைத் திறந்தால், தொடக்கத்திலேயே ஒரு சிவப்புக் கட்டம் நிற்கிறது. நம்பத்தகாதவரிடமிருந்து வந்த பொதியைப் பிரித்தால், அனுப்பியவரின் கட்டளைகள் நம் கணினியிலேயே இயங்கிவிடக்கூடும் என்று அது உரைக்கிறது. மற்ற இடங்களில் காட்டும் அடக்கமே இந்த ஓரிடத்துச் சிவப்புக்கு வலிமை தருகிறது.

பிறகுதான் 'ஆண்டு முடிப்பு' பக்கத்தை எடுத்து மறுபடியும் எழுதினேன். முதலில் பெயரை மாற்றினேன்: 'ஆண்டை முடித்துப் பதிவுகளை அழி'. வேறெதையும் படிக்காதவரும் பெயரைப் படித்தே ஆக வேண்டும். 2013இல் வெளிவந்த ரியாக்ட் என்ற மென்பொருள் தொகுதியிலும் இந்த உத்தி உண்டு. பிறர் எழுதிய பக்கக் குறிகளைச் சோதிக்காமல் அப்படியே திரையில் ஏற்றும் வசதிக்கு, அதை உருவாக்கியவர்கள் 'டேஞ்சரஸ்லி' என்று தொடங்கும் நீண்ட பெயரை வேண்டுமென்றே சூட்டினார்கள். தட்டும் விரல்கள் ஒவ்வொரு முறையும் 'ஆபத்தாக' என்று தட்டியே தீர வேண்டும்.

அடுத்து, விளக்கத்தின் முதல் வாக்கியத்திலேயே, அழித்தவை திரும்பக் கிடைக்கமாட்டா என்று எழுதினேன். அதன்கீழ் ஒரே ஒரு கட்டம். 'செய்யாதே' என்பதோடு நிற்காமல், செய்தால் என்ன ஆகும் என்பதையும், நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் இரண்டே வரிகளில் அதில் எழுதினேன். இரண்டாம் முறை இயக்கினால் எல்லா உறுப்பினரின் இருப்பும் சுழியாகும். இடையில் மின்சாரம் நின்றால் மீண்டும் இயக்காமல் காப்பு நகலை மீட்க வேண்டும். காரணம் அறியாத தடையை மனிதர் எளிதில் மீறுவர். விளைவு கண்ணுக்குத் தெரிந்தால் கை தானே நின்றுவிடும்.

இவற்றுள் முதன்மையானதாக நான் கருதுவது, கண்டுபிடிக்க நெடுநாள் ஆன ஒன்று. எடுத்துக்காட்டைத் திருத்தினேன். அந்த இளைஞன் படித்தது விளக்கத்தை அன்று, எடுத்துக்காட்டை. நான் கொடுத்த எடுத்துக்காட்டோ காப்பு நகல் எடுக்காமலே இயக்கிக் காட்டிற்று! என் நான்காவது குறிப்பு ஒன்றைச் சொல்ல, என் எடுத்துக்காட்டு அதற்கு நேர்மாறானதைச் செய்தது. பிள்ளைகள் நாம் சொல்வதைவிட நாம் செய்வதையே பின்பற்றுகிறார்கள் என்று பெற்றோருக்குச் சொல்கிறோம். விளக்கப் பக்கத்திற்கும் அது பொருந்தும். இப்போது எடுத்துக்காட்டின் முதல் வரியே காப்பு நகல் எடுக்கும் வரி. ஏதும் படிக்காமல் எடுத்துக்கொண்டு ஓடுகிறவரும் நல்லதையே எடுத்துக்கொண்டு ஓடுவார்.

பிற்பாடு செயற்கூறையே திருத்தி, அது தானாக நகல் எடுக்கவும், முடித்துவிட்ட ஆண்டை மறுபடி முடிக்க மறுக்கவும் செய்தேன். அதோடு அந்த எச்சரிக்கைக்கே வேலையில்லாமற் போயிற்று. முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு மாலைப்பொழுது வேலை. எச்சரிக்கையை எழுதிவிட்டேன் என்ற நிறைவுதான் அந்த ஒரு மாலைப்பொழுதை என்னிடமிருந்து பறித்தது.

எல்லா ஆபத்துகளையும் இப்படி நீக்கிவிட இயலாது. நீக்க இயலாதவற்றுக்கு ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். எழுதிய பக்கத்தைப் புதிதாக வேலைக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, வாய் திறவாமல் அருகில் அமர்ந்திருப்பேன். அவர் கண் எங்கே போகிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பார்ப்பேன். அவர் எச்சரிக்கையைத் தாண்டிப் போய்விட்டால் திருத்த வேண்டியது என் பக்கத்தை, அவரை அன்று.

இவை எல்லாம் கணினிக்காரர்களின் கவலை என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். மூட்டுவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் என்றொரு மாத்திரை தருகிறார்கள். வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. மற்ற மாத்திரைகளைப்போல் நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. மருத்துவர் சீட்டில் எழுதித்தான் இருப்பார். வீட்டிலுள்ள மகனோ மருமகளோ மாத்திரை உறையின்மேல் பெரிய எழுத்தில் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதி வைத்தால் ஓர் உயிர் தப்பும். அண்டை வீட்டார் பிணைக் கையெழுத்துக்காக நீட்டும் கடன் பத்திரத்திலும், நாம் பிறருக்கு எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு குறிப்பிலும், எழுதியிருக்கிறதா என்பதோடு கண்ணில் படுகிறதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் போளூர் பேருந்து நிலையத்தருகே அந்த இளைஞனைக் கண்டேன். இப்போது இளைஞன் அல்லன். கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். என்னை அடையாளம் கண்டு, தேநீர் வாங்கித் தந்தான். பழைய பேச்சு தானாகவே வந்தது.

"அந்த வரிய அப்புறம் படிச்சேன் சார். தெளிவாத்தான் எழுதியிருந்தீங்க. நான்தான் பாக்கல" என்றான்.

"நீ பார்க்காத இடத்தில் நான் எழுதியிருந்தேன் தம்பி. அதை அன்று அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை" என்றேன்.

அவன் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்த மூதாட்டி காலமாகிவிட்டதைத் தெரிவித்தான். மலைக்குச் செல்லும் பேருந்து நிலையத்திற்குள் நுழைந்தது. கடையில் ஓர் அம்மையார் கைப்பேசியோடு காத்திருக்கவே, அவன் எழுந்து போனான். பழுதைச் சரிசெய்தபின் அவரிடம் கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன்னால், "இன்னிக்கு ராத்திரி வரைக்கும் சார்ஜ் போடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு துண்டு ஒட்டுத்தாளில் அதையே எழுதினான். அந்தத் தாளைச் சார்ஜ் செருகும் துளையின்மேல் ஒட்டினான்.